எட்டு வருடக் கேஸ் கிரில்லுக்குப் பதிலாக எதை வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். கனடாவின் பிராம்ப்டனில் வீட்டுப் பின்புறம் எட்டு வருஷமாக நிற்கும் மூன்று பர்னர் புரோப்பேன் கிரில் துருப்பிடித்துவிட்டது. மூடியைச் சாத்தி எவ்வளவு நேரம் விட்டாலும் 300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதில்லை. ஆயிரம் டாலருக்குள் புதிதாக ஒன்று வேண்டும். கடையில் 60,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று போட்ட ஆறு பர்னர் கிரில்லும், அதில் ஏறக்குறைய பாதியே போட்ட மூன்று பர்னர் கிரில்லும் ஒரே விலைக்கு நிற்கின்றன. எதை எடுப்பது, அப்படியே சிலிண்டரை விட்டு, வீட்டுக் குழாயில் வரும் நேச்சுரல் கேஸுக்கு மாறிவிடலாமா என்கிறீர்கள். பாதி பர்னர் உள்ள கிரில்லுக்கு எதற்காக அதே பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் உங்களை உறுத்தும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஒண்டாரியோவில் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனாகப் பல வருஷங்களாக வேலை செய்கிறேன். ஃபர்னஸும் கேஸ் லைனும்தான் என் முக்கிய வேலை, ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால் கிரில்லைப் பார்க்கச் சொல்லி வரும் அழைப்புகளும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 300 டிகிரி விஷயம். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, உங்கள் கிரில் செத்துப்போகாமலும் இருக்கலாம் என்பதுதான். சிலிண்டரில் திருகும் ரெகுலேட்டர் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது கேஸைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டர் வால்வை ஒரே திருப்பில் வேகமாகத் திறந்தாலோ இது நடக்கும். அடுப்பு எரியும், ஆனால் தீ சின்னதாக இருக்கும், வெப்பமானி 250, 300க்கு மேல் ஏறாது. இதை யாரும் சொல்லித் தராததால் நல்ல கிரில்களைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எல்லாக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்துக் குமிழ்களை ஒரு நிமிஷம் திறந்து, மிச்ச அழுத்தம் போனதும் மறுபடி மூடுங்கள். ரெகுலேட்டரைத் திருப்பி மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து, கொஞ்சம் பொறுத்து அப்புறம் பர்னரைப் பற்றவையுங்கள். பத்து நிமிஷத்தில் 500 டிகிரி வந்தால் கோளாறு இதுதான். அணைக்கும்போது சிலிண்டரை மட்டும் மூடிவிட்டுக் குமிழைத் திறந்தபடி விடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அடுத்த முறையும் இதே கதை நடக்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் பர்னர் குழாய்களைக் கழற்றிப் பாருங்கள். கேஸும் காற்றும் கலக்கும் குழாய் வாயில் சிலந்திகள் கூடு கட்டும், குளிர்காலம் முழுக்க மூடியே கிடந்த கிரில்லில் குறிப்பாக. காற்று சரியாகச் சேராமல் தீ மஞ்சளாக, சோம்பலாக எரியும். சில நேரம் குழாய்க்கு வெளியே, குமிழ்ப் பக்கமாகவே தீ பிடிக்கும், அது ஆபத்து. குழாயை நீளமான மெல்லிய பிரஷ்ஷால் குடைந்து சுத்தம் செய்தாலே போதும். குழாய் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரும் அளவுக்கு அரித்துப்போயிருந்தால் புதுக் குழாய் போட வேண்டும். பர்னர், அதன் மேல் கூடாரம்போல் வளைந்திருக்கும் தகடு, கம்பித் தட்டு, தீப்பொறி தரும் இக்னைட்டர் நான்குமே தேய்ந்து போவதற்கென்றே உள்ள பாகங்கள். அவை கெட்டுப்போனதற்காகக் கிரில்லை மாற்ற வேண்டியதில்லை. மாற்றியே ஆக வேண்டிய நிலை, அடிப்பெட்டியில் ஓட்டை விழுந்திருப்பது, பர்னர் உட்காரும் தாங்கிகள் துருவில் உதிர்ந்திருப்பது, அல்லது அந்த மாடலுக்கு உதிரிபாகமே கிடைக்காமல் போவது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடிப்பெட்டியின் மூலைகளைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் புதிது வாங்குங்கள். மேலே மட்டும் துருவாக இருந்து அடியில் உலோகம் கெட்டியாக இருந்தால், புதுக் கிரில் விலையில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொன்னால் அது ஊகமாகிவிடும்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பி.டி.யு. என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண், எல்லாப் பர்னரையும் முழுக்கத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கேஸ் எரியும் என்பதன் கணக்கு. உணவுக்கு எவ்வளவு சூடு போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சமைக்கும் பரப்பால் வகுத்துப் பார்த்தால்தான் கொஞ்சமாவது அர்த்தம் வரும். 36,000 பி.டி.யு., 450 சதுர அங்குலம் என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 80. சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 வரை இருந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, என் அனுபவத்திலும் அது சரியாகவே வருகிறது. அதிலும் மூடி மெல்லிய தகடாக இருந்து, பின்னால் இரண்டு விரல் இடைவெளியும் இருந்தால் 100 போட்டிருந்தாலும் சூடு நிற்காது. கனமான மூடியும் இறுக்கமான பெட்டியும் உள்ள கிரில் குறைந்த கேஸில் அதே சூட்டைப் பிடித்துவைக்கும். கேஸ் செலவையும் யோசியுங்கள். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. இருக்கிறது. 36,000 கிரில்லை முழுத் தீயில் ஓட்டினால் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும். 60,000 கிரில்லில் ஏழு மணி நேரத்தில் காலியாகும்.

ஆக, அதே பணத்தில் ஒரு கம்பெனி ஆறு பர்னர் கொடுக்கிறது என்றால் அந்தப் பணம் வேறெங்கோ குறைந்திருக்கிறது. அது குறையும் இடம் பெரும்பாலும் அடிப்பெட்டி. நல்ல கிரில்லில் அடிப்பெட்டியை வார்ப்பு அலுமினியத்தில் செய்வார்கள். அலுமினியம் இரும்புபோல் துருப்பிடிக்காது. ஒண்டாரியோவில் ஆறு மாதம் பனியும் ஈரமும் பட்டு நிற்கும் பொருளுக்கு இதைவிட முக்கியமான குணம் எனக்குத் தெரியவில்லை. மலிவான கிரில்லில் மடித்த மெல்லிய இரும்புத் தகட்டுக்கு மேல் பெயின்ட்டோ எனாமலோ அடித்திருப்பார்கள். மடிப்புகளில், ஸ்க்ரூ ஓட்டைகளில் பூச்சு உரியும், கொழுப்பும் உப்பும் சேர்ந்த ஈரம் அங்கேதான் தங்கும், அங்கிருந்தே அரிக்கும். கடையில் கிரில்லின் முன்னால் நின்று மினுமினுப்பைப் பார்க்காதீர்கள். கம்பித் தட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மூடியை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள், முறுக்கிக்கொண்டு வருகிறதா என்று தெரியும். மொத்தக் கிரில்லையும் தோளால் லேசாக அசைத்துப் பாருங்கள். கடைத் தரையிலேயே ஆடுவது உங்கள் டெக்கில் இரண்டு குளிர்காலம் கழித்து நிமிர்ந்து நிற்காது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள், அதில் பல தரம் உண்டு. 304 என்ற வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், வெளியில் நன்றாகத் தாங்கும். 430 என்ற வகையில் குரோமியம் உண்டு, நிக்கல் கிடையாது. விலை குறைவு, கொஞ்ச காலத்தில் தேநீர்க் கறைபோலத் துருப்புள்ளிகள் வரும். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டு போங்கள் என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காந்தம் கெட்டியாக ஒட்டினால் அது 304 இல்லை என்பது அநேகமாக உறுதி. ஒட்டவில்லை என்பதால் 304தான் என்று ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. கையேட்டில் எந்தப் பாகம் எந்த ஸ்டீல் என்று எண்ணோடு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அது நல்ல வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. 430 என்பதற்காகவே ஒரு கிரில்லை ஒதுக்க வேண்டாம். கதவிலும் பக்கப் பலகையிலும் அது இருந்தால் கெடுதலில்லை. பர்னரிலும் அதன் மேல் வளைந்திருக்கும் தகட்டிலும் எது இருக்கிறது என்பதில் கறாராக இருங்கள்.

கம்பித் தட்டில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. வார்ப்பிரும்பு கனமாகச் சூட்டைப் பிடித்துவைத்துக் கறியில் நல்ல கோடு போடும். ஆனால் அதன் மேல் பூசிய எனாமல் எங்காவது தெறித்துவிட்டால், தயிரும் எலுமிச்சையும் பட்ட கையோடு கழுவாமல் விடும் வீட்டில் சீக்கிரமே துருப்பிடிக்கும். தடியான ஸ்டெயின்லெஸ் கம்பிகளுக்குப் பராமரிப்பு குறைவு. வாரம் ஒருமுறை சமைத்து, மசாலா தடவிய கோழியும் மீனும் அதிகம் போடும் வீட்டுக்கு நான் தடித்த ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சொல்வேன். வஞ்சிரத் துண்டு எந்தத் தட்டிலும் ஒட்டும். தட்டை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, அப்புறம் போட்டு, தானாக விடும்வரை திருப்பாமல் இருப்பதுதான் அதற்கு வழி.

அளவுக்கு வருவோம். வீட்டில் நான்கைந்து பேர், எப்போதாவது பத்துப் பன்னிரண்டு விருந்தினர் என்றால் மூன்று பர்னரும் 400 முதல் 450 சதுர அங்குலமும் தாராளமாகப் போதும். மொத்தப் பரப்பு என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணில் மேலே தொங்கும் சின்னச் சூடுதாங்கித் தட்டையும் சேர்த்திருப்பார்கள். முக்கியத் தட்டின் அளவு மட்டும் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். மூன்று பர்னருக்குக் குறையாமல் நான் சொல்வதற்குக் காரணம், தீயைப் பகுதி பகுதியாகப் பிரிக்க முடியும் என்பது. தயிரும் மிளகாய்த்தூளும் தடவிய கோழிக் காலை நேரடித் தீயில் வைத்தால் வெளியே கருகி, எலும்பருகே பச்சையாக இருக்கும். ஒரு ஓரத்துப் பர்னரை மட்டும் எரியவிட்டு, கோழியை மறு ஓரத்தில் வைத்து, மூடியைச் சாத்தி உள்ளே 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ், வரும்வரை விட்டு, கடைசியில் தீக்கு மேல் கொண்டுவந்து சிவக்கவிடுவதுதான் முறை. அந்த 165 கோழிக்குள் குத்தும் வெப்பமானியில் பார்க்க வேண்டிய எண். மூடியில் பதித்திருக்கும் வெப்பமானி மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டைத்தான் சொல்லும், தட்டின் சூட்டையோ கறியின் சூட்டையோ சொல்லாது. நம் வீட்டு விருந்துகளில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். பனீர், சோளம், கத்திரிக்காய் இவற்றுக்கு ஒரு பக்கத்தைத் தனியாக ஒதுக்கவும், நடுவில் பிரித்தெடுக்கக்கூடிய இரண்டு தட்டுகளாக இருக்கும் கிரில் வசதி. ஒரே பெரிய தட்டாக இருப்பதை வாங்காதீர்கள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, பட்ஜெட் இடம் கொடுத்தால், நான்கு பர்னர்வரை போவதில் தப்பில்லை. ஆறு தேவையில்லை.

பக்க அடுப்பு தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெள்ளைக்கார நண்பர்கள் பலர் அதை வீண் என்பார்கள், அவர்கள் வீட்டில் அது தூசி படிந்தும் கிடக்கும். நம் வீடுகளில் நான் பார்த்தவரை கிரில்லைவிட அதிகம் எரிவது அதுதான். மீன் பொரிக்க, கருவாட்டுக் குழம்பு வைக்க, ஜன்னல் திறக்க முடியாத மாதங்களில் வீட்டுக்குள் வாடை தங்காமல் சமைக்க அதைப்போல் உதவி கிடையாது. நீங்கள் அப்படிப் பயன்படுத்துவீர்கள் என்றால், அதன் பி.டி.யு. 10,000க்குக் குறையாமலும், சட்டி ஆடாமல் உட்காரும் அகலமான தாங்கியோடும் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான எண்ணெய்ச் சட்டியை வைக்கும் இடம், மூடி வைக்கும் அலங்காரப் பலகையாக இருக்கக் கூடாது.

அடுத்து, எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்று. இன்ஃப்ராரெட் பர்னர் வைத்தால் கறியின் சாறு உள்ளேயே அடைபடும் என்று விற்பார்கள். மேற்புறத்தை வேகமாகச் சிவக்க வைப்பதால் சாறு அடைபடுவதில்லை, அது நெடுநாளைய தவறான நம்பிக்கை. பீங்கான் பலகை சிவந்து எரியும் அந்தப் பர்னர் மிகுந்த சூடு தரும் என்பது உண்மை. தடித்த ஸ்டீக்கை ஓரிரு நிமிஷத்தில் சிவக்க வைக்க ஆசை என்றால் வாங்கலாம். மசாலா ஊறிய கோழியை அதில் போட்டால் மசாலா தீய்ந்துவிடும். கேஸ் கிரில்லில் கரி அடுப்பின் மணம் வருமா என்பதும் இதே மாதிரி. கொழுப்பும் மசாலாவும் சூடான தகட்டில் சொட்டிப் புகைந்து வரும் மணம் எல்லாக் கேஸ் கிரில்லிலும் கிடைக்கும், அதற்காகத்தான் பர்னருக்கு மேல் அந்தத் தகடே இருக்கிறது. கரியின் மணம் கரியில்தான் வரும்.

நேச்சுரல் கேஸ் விஷயத்தில் என் பதில், சமைக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. குளிர்காலத்திலும் சமைப்பவராக இருந்தால் மாறுவது நல்லது. புரோப்பேன் திரவம் -42 செல்சியஸில்தான் கொதிக்கும், அதனால் நம் ஊர்க் குளிரிலும் கேஸ் வரும். ஆனால் -20இல் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும், கால்வாசிச் சிலிண்டரில் தீ வாடும், வெளியே வெள்ளையாக உறைபனி படிவதைப் பார்ப்பீர்கள். வீட்டு லைனில் வரும் கேஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, நடு விருந்தில் சிலிண்டர் தீர்ந்துபோகும் பயமும் இல்லை. கிரில்லை ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டும், லைன் இழுக்கும் செலவு உண்டு, அதுதான் குறை. வாங்கும்போதே நேச்சுரல் கேஸ் மாடலாக வாங்குங்கள். புரோப்பேன் ஒரு கன அடியில் ஏறக்குறைய 2,500 பி.டி.யு. தரும், நேச்சுரல் கேஸ் 1,000தான் தரும், ஆகவே பர்னருக்குக் கேஸ் விடும் துளையின் அளவே வேறு. வெபர் தன் கிரில்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றக் கூடாது என்றே சொல்கிறது. துளையைத் தானே டிரில் போட்டுப் பெரிதாக்கலாம் என்று வீடியோ பார்த்துச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். லைன் இழுக்கும் வேலையை ஒண்டாரியோவில் மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வில் பதிவு செய்த கான்ட்ராக்டர்தான் செய்யலாம். அவர் உங்கள் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு, டிரையர் எல்லாவற்றின் பி.டி.யு.வையும் கூட்டிப் பார்த்து, குழாயின் நீளத்தை அளந்து, குழாய் போதுமா என்று கணக்குப் போட வேண்டும். கணக்குப் போடாமல் பக்கத்துக் குழாயில் ஒரு இணைப்பைக் குத்திவிட்டுப் போகிறவர் வேண்டாம்.

எந்தக் கம்பெனி என்று கேட்டால், இங்கே உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் பெயர்கள் என்று வெபர், பாரி நகரத்து நெப்போலியன், வாட்டர்லூவின் பிராய்ல் கிங் மூன்றையும் சொல்வேன். இந்த மூன்றிலும் பல வரிசைகள் உண்டு, கீழ்வரிசை மாடலும் மேல்வரிசை மாடலும் ஒரே பெயரில் விற்றாலும் ஒரே உலோகத்தில் செய்தவை அல்ல, ஆகவே மேலே சொன்ன சோதனைகளைப் பெயரைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கடையின் சொந்தப் பெயரில் வரும் கிரில்கள் சில நன்றாகவே சமைக்கும். சிக்கல் என்னவென்றால் அவற்றின் மாடல் அடிக்கடி மாறிவிடும், ஐந்து வருஷம் கழித்து அதே நீளப் பர்னருக்கு அலைவீர்கள். உத்தரவாதத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் அடிப்பெட்டிக்கு எத்தனை வருஷம், பர்னருக்கு எத்தனை, மற்றவற்றுக்கு எத்தனை என்று தனித்தனியாகப் படியுங்கள். துருவால் ஓட்டை விழுந்தால்தான் தருவோம், மேல்துருவுக்குத் தர மாட்டோம் என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும். நீங்கள் சொன்ன இரண்டில், மூன்று பர்னர் கிரில்லின் அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியமாக இருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். இரண்டுமே தகட்டுப் பெட்டிதான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, கடைகள் இடம் காலிசெய்யும் செப்டம்பர்வரை பொறுங்கள். மேல்வரிசை மாடல் ஒன்று உங்கள் பட்ஜெட்டுக்குள் இறங்கி வர வாய்ப்புண்டு. அதுவரை பழையதில் பர்னரைச் சுத்தம் செய்து ஓட்டலாம், அடிப்பெட்டியில் ஓட்டை இல்லாதவரை.

புதிது வந்த அன்று, பற்றவைப்பதற்கு முன், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கேஸ் கசிகிறது. சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும், அதனால் உபரிச் சிலிண்டரைக் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ வைக்கக் கூடாது, வெளியில்தான். சிலிண்டரின் கழுத்தில் பொறித்த தேதியிலிருந்து பத்து வருஷம் ஆகிவிட்டால் கனடாவில் அதை நிரப்ப மாட்டார்கள், பழையதைப் புதுக் கிரில்லோடு சேர்க்கும் முன் அதையும் பாருங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் இருக்கும். வெளிச்சுவரில் வினைல் சைடிங், அதாவது பிளாஸ்டிக் பலகை, உள்ள வீட்டில் அந்தத் தூரத்தைவிடக் கூடுதலாகவே விடுங்கள், உருகி வளைந்த சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழை பெய்கிறது, பனி கொட்டுகிறது என்று கராஜுக்குள் தள்ளி வைத்துச் சமைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அப்புறம், பழைய கம்பிப் பிரஷ்ஷைப் புதுக் கிரில்லுக்குக் கொண்டுவராதீர்கள். உதிர்ந்த கம்பி உணவோடு தொண்டையிலும் குடலிலும் குத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2012இலேயே எழுதி எச்சரித்திருக்கிறது. தட்டு சூடாக இருக்கும்போதே மரச் சுரண்டியாலோ மடித்த அலுமினியத் தாளாலோ தேய்த்தாலே போதும். பழைய கிரில்லின் படமும், அடிப்பெட்டியின் உள்பக்கப் படமும் போட்டால், அதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.